காந்திமதியின் கை

செவ்வாயில் விருந்தாளி வருவதற்கு மூன்று நாள் முன்னதாகவே விருந்தாளியின் குடல் வந்துவிடும்.

முழுக் குடல் அல்ல, பதற வேண்டாம். குடலைப் பற்றிய சீட்டு. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதன் சிறுகுடலில் கடுகளவு உணரி ஒன்றைப் பதித்துவிடுவது அங்கே வழக்கம். அன்றிலிருந்து உள்ளே என்ன போகிறது, போனது என்ன பாடுபடுத்துகிறது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். யார் வீட்டுக்காவது சாப்பிடப் போவதென்றால் அந்தக் குறிப்பின் சுருக்கத்தை முன்கூட்டி அனுப்புவதுதான் மரியாதை. இன்னாருக்குப் பால் ஆகாது, இன்னாருக்குக் கத்தரிக்காய் அரிக்கும், இன்னாருக்கு இரண்டு நாளாய் மலச்சிக்கல் என்று சகலமும் அதில் இருக்கும். பூமியில் இருந்த காலத்தில் இதே மக்கள் ஜாதகம் அனுப்பினார்களாம். குடற்சீட்டு அந்த அளவுக்குப் பொய் சொல்லாது.

பொருநைக் குமிழ் என்ற கண்ணாடிக் குடியிருப்பின் மூன்றாம் அடுக்கில் குடியிருந்த சங்கரலிங்கத்துக்கு அன்று வந்த சீட்டில் நான்கே வரிகள் இருந்தன. பெயர்: கோமதி. வயது: முப்பத்து நான்கு. நோய்: சீலியாக்; பசைப்புரதம் அணுவளவும் ஆகாது. வருகையின் நோக்கம்: விடைபெறுதல்.

சங்கரலிங்கம் அதைப் பல தடவை படித்தார். கோமதி அவருடைய ஒரே மகள். அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சாப்பிட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

அவள் சுரங்க அளவையாளர். வியாழனின் நிலவான யூரோப்பாவுக்குப் புறப்படும் நெடுங்கலத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போக ஆறு வருடம், அங்கே வேலை பத்து வருடம், திரும்ப ஆறு வருடம். சங்கரலிங்கத்துக்கு வயது எழுபத்து நான்கு. கூட்டிப் பார்க்க அவருக்குக் கருவி தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கோதுமை, பார்லி வகைத் தானியங்களில் மாவை மாவாகப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பசை உண்டு. பூமியில் குளூட்டன் என்றார்கள், செவ்வாயில் பசைப்புரதம். சீலியாக் உள்ளவர் அதைத் தின்றால் உடம்பு ஏதோ பகைவன் நுழைந்துவிட்டான் என்று கிளம்பி, தன் சொந்தக் குடலையே தாக்கிச் சிதைக்கும். இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக நான்கு முறை அறிவிப்பு வந்தது. நான்கு முறையும் விஞ்ஞானிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நோயாளிகள் இன்னும் காத்திருக்கிறார்கள். அதுவரை ஒரே வழி, கோதுமையைத் தொடாமல் இருப்பது.

செவ்வாயில் அது லேசுப்பட்ட காரியமல்ல. விளக்கு வெளிச்சத்தில், சொட்டுத் தண்ணீரில், குறை சொல்லாமல் வளர்வது அங்கே கோதுமை ஒன்றுதான். அதனால் இட்லியும் கோதுமை, பொங்கலும் கோதுமை, குழந்தைகள் விளையாடும் களிமண்ணும் கோதுமை. அரிசி தண்ணீர் குடிக்கும் பயிர். பொருநைக் குமிழ் என்று திருநெல்வேலி ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டார்களே தவிர, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர்தான். அரிசி வேண்டுமென்றால் அந்த வாளியிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

சங்கரலிங்கம் சாதாரண ஆள் அல்ல என்பது அவருடைய கருத்து. விருந்தோம்பல் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். குமிழில் யார் யாருக்குச் சோறு போட்டாலும் எப்படிப் போட வேண்டும் என்று இருநூற்றுப் பதினான்கு பந்தி விதிகள் உண்டு. அதில் பாதி அவர் எழுதியது. விருந்தினரை வரவேற்றுப் பேசும் உரை நான்கு நிமிடத்துக்கு மிகக் கூடாது. மறுசோறு வேண்டாம் என்று விருந்தினர் மூன்று முறை சொன்னாலொழிய அது மறுப்பாகக் கொள்ளப்படாது. சமையலில் ஆகாதது சேர்கிறதா என்று பார்க்க அடுக்களைகளில் மாட்டியிருந்த தணிக்கைக் கருவிகள் ஒவ்வொரு சிட்டிகைச் சீரகத்துக்கும் அலறி, ஓர் அமைச்சரின் விருந்து இரண்டு மணி நேரம் தாமதமானபோது, விதி தொண்ணூற்றாறை எழுதி நிலைமையைக் காப்பாற்றியவரும் அவரே: 'சிட்டிகை அளவில் இடப்படும் மணப்பொருள்கள் தணிக்கைக்கு உட்பட்டவை அல்ல.' அதற்குக் கிடைத்த கேடயம் வரவேற்பறையில் இருந்தது. அதைத் துடைப்பது மட்டும் அவரே செய்கிற வீட்டு வேலை.

மற்ற வேலைகளைக் காந்திமதியின் கை செய்தது.

காந்திமதி அவருடைய மனைவி. இறந்து இரண்டு வருடம். மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது துறையிலிருந்து அவளுக்கு ஒரு பதிவுக் கையுறை கொடுத்தார்கள். மெல்லிசான தோல் போன்ற உறை. போட்டுக்கொண்டு சமைத்தால் கையின் ஒவ்வோர் அசைவும், எந்தச் சொல்லுக்கு என்ன செய்தது என்பதும் பதிவாகும். சாகும்வரை அதைப் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். இப்போது அடுக்களைச் சுவரிலிருந்து நீளும் இயந்திரக் கரம் அந்தப் பதிவின்படி வேலை செய்தது. அரிசி களையும். தாளிக்கும். அடுப்பை மூட்டுமுன் காற்றில் உயர்ந்து, இல்லாத கூந்தலை ஒருமுறை முடிந்துகொள்ளும். பழுது பார்க்க வந்தவன் தேவையற்ற அசைவு என்று அதை நீக்கப் பார்த்தான். சங்கரலிங்கம் அவனுக்குக் கதவைக் காட்டினார்.

கோமதி அந்த வீட்டைவிட்டுப் போன கதை சின்னது. எட்டு வயதில் அவளுடைய உணரி சிவப்புக் காட்டியது. காந்திமதி அன்றைக்கே கோதுமையை வீட்டைவிட்டுத் துரத்தினாள். பாத்திரம் முதல் முறம் வரை மாற்றினாள். மகளுக்கு மட்டும் தனிச் சோறு என்றால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று மூவருக்கும் அரிசிதான், தினைதான். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் வாரம் ஒரு தடவைதான் குளித்தார்கள். ஆனாலும் சிவப்பு போகவில்லை. பிள்ளை குச்சியாய், வயிறு மட்டும் உப்பி, வெளிறிக் கிடந்தாள். அடுக்களையில் தணிக்கைக் கருவி தினமும் பச்சை காட்டியது.

குடல் கோதுமை என்றது. அடுக்களை இல்லை என்றது. ஒன்று பொய். அடுக்களைக் கருவியில் அரசாங்க முத்திரை இருந்தது. குடலோ எட்டு வயதுச் சிறுமியுடையது. அரசு ஊழியர் எதை நம்புவார்? மகள் பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறாள் என்று சங்கரலிங்கம் முடிவு கட்டினார். தினமும் வாசலில் நிறுத்தி அவள் பையைச் சோதித்தார். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு நாளும் எதுவும் அகப்படவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

கோமதிக்கோ தான் வெளியே எதுவும் தின்னவில்லை என்பது தெரியும். அப்படியானால் கோதுமை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பதினேழு வயதில், சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அம்மாதான் போடுதா. இதெல்லாம் நோவே இல்ல, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கிவிட்டா சரியாயிரும்னு போடுதா." காந்திமதி கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் கோமதி தொழிற்கூட விடுதிக்குப் போனாள். அங்கே தொட்டியில் காய்ச்சி ஊற்றும் உப்புச்சப்பில்லாத தினைக்கூழைக் குடித்தாள். ஆறே மாதத்தில் உணரி பச்சையாயிற்று.

ஆக, இரண்டு பக்கமும் நிரூபணம் இருந்தது. நிரூபணம் இருக்கிற குடும்பத்தில் சமாதானம் வருவது கடினம். அம்மா இறந்தபோது கோமதி வந்து வாசலோடு நின்றாள். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இப்போது சாப்பிட வருகிறேன் என்று அவளே சீட்டு அனுப்பியிருக்கிறாள். அவள் போவதற்குள் அந்த வீட்டுச் சோறு ஒரே ஒரு வேளை அவள் வயிற்றில் வம்பில்லாமல் இறங்கிவிட்டால் போதும். காந்திமதி வஞ்சகி இல்லை என்று மகளுக்குத் தெரிந்துவிடும். சங்கரலிங்கத்துக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். குமிழின் தண்ணீர்ப் பம்பை முப்பது வருடம் இயக்கிவிட்டு, இப்போது அடுத்தவர் வீட்டு விஷயங்களை இயக்கிக்கொண்டிருப்பவர்.

"என்ன வே, சம்பந்தகாரங்க வார மாதிரி தவிச்சுக்கிட்டு நிக்கீரு?"

"மக வாரா."

"அதுதான் குமிழுக்கே தெரியுமே. அரிசி கிடைச்சுதா?"

"ரெண்டு கிலோ எழுதிக் குடுத்திருக்கான். மூணு மாசத்துக்குக் குளிக்கப்படாது."

"சரிதான். இனிமே பேசணும்னா நான் வாசல்லயே நின்னுக்கிடுதேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காந்திமதி மைனியோட ரசத்தையே வையும் வே. அந்த வாசனைக்கு எங்க வீட்டுச் சுவருக்குப் பசிக்கும். ஒரு வாய் உள்ள போச்சுன்னா புள்ள எல்லாத்தையும் மறந்துருவா."

மூன்று நாளும் சங்கரலிங்கம் அடுக்களையைக் கழுவினார். புதுப் பாத்திரம் வாங்கினார். தணிக்கை அலுவலரை வரவழைத்துத் தங்க முத்திரையிட்ட சான்றிதழ் எழுதி வாங்கி வாசற்கதவில் மாட்டினார். 'இவ்வடுக்களையில் பசைப்புரதம் அறவே இல்லை.' வரவேற்பு உரையையும் எழுதித் திருத்தி, நான்கு நிமிடத்துக்குள் அடக்கினார்.

*

கோமதி பன்னிரண்டு மணிக்கு வந்தாள். நெடுங்கலத்தின் கதவு ஐந்தரை மணிக்கு அடைபடும்.

அவள் தோளில் பல்லியைப் போல ஒரு சிறு இயந்திரம் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சுவைஞன் என்று பெயர். பயணத்துக்குத் தேர்வானவர்கள் வெளியே எதைச் சாப்பிட்டாலும் முதலில் அது தொட்டுப் பார்க்க வேண்டும். நோயோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆறு வருடம் போக முடியாதல்லவா? சுவைஞன் விண்கலத் துறைமுகத்தின் சொத்து. துறைமுகச் சட்டம்தான் அதற்குத் தெரியும். குமிழின் சட்டம் தெரியாது.

"வா தாயி."

"வாரேம்ப்பா. மெலிஞ்சிட்டீங்க."

"நீ தேறிட்ட."

பதினேழு வருடத்தை இப்படி முடித்துக்கொண்டார்கள். பிறகு சங்கரலிங்கம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

"பெருமதிப்பிற்குரிய விருந்தினர் அவர்களே, இவ்வில்லத்தின் சார்பாகவும்..."

"அப்பா, நாந்தாம்ப்பா."

"விதி இருக்குல்லா."

"நீங்க எழுதுன விதிதான?"

"அதனாலதான் மீற முடியல."

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததும் சங்கரலிங்கத்துக்கு இரண்டாவது பத்தி மறந்துபோயிற்று. தாளை மடித்து வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றார். விருந்தோம்பல் துறையின் வரலாற்றில் அதைவிட நல்ல வரவேற்பு உரை கிடையாது.

அடுக்களைச் சுவரில் கரம் அசைந்தது. உயர்ந்து, காற்றில் ஒரு கூந்தலைச் சுருட்டி முடிந்துகொண்டு, அடுப்பை மூட்டியது. கோமதி அதைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது அம்மால்லா?"

"கை மட்டும்" என்றார் அவர்.

தட்டு வந்தது. சோறு, அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணத்தில் மிளகு ரசம். ரசத்தின் மணம் அறையை நிறைத்தது. கோமதியின் கண் தானாக ஒரு நொடி மூடித் திறந்தது. அதைக் கண்ட சங்கரலிங்கம், ஆவுடையப்பன் சொன்னது சரிதான் என்று நினைத்தார்.

சுவைஞன் அவள் கைவழியே இறங்கி வந்தது. நூல் போன்ற நாக்கை நீட்டிச் சோற்றைத் தொட்டது. பச்சை. பொரியலைத் தொட்டது. பச்சை. ரசத்தைத் தொட்டது. சிவப்பு.

"பசைப்புரதம் உள்ளது" என்றது சுவைஞன். "உண்ணத் தக்கதன்று."

கோமதி தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. சோர்ந்துபோன குரலில் சொன்னாள்: "செத்தும் விடலை பாத்தீங்களா."

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "இருவத்தாறு வருசமா இந்த வீட்டுக்குள்ள கோதுமை நுழைஞ்சது கிடையாது. வாசல்ல சான்றிதழ் தொங்குது, வரும்போது பாத்தேல்லா? தங்க முத்திரை! இந்தப் பல்லி சொல்லுதுன்னு..."

"மூலத்தைத் தேட இல்லத்தாரின் அனுமதி தேவை" என்றது சுவைஞன்.

"தேடு! நல்லாத் தேடு! மூலை முடுக்கு விடாதே!"

சுவைஞன் சுவரேறி அலமாரிக்குப் போனது. உப்பு, புளி, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஒரு மஞ்சள் டப்பாவின் மேல் போய் நின்றது. அசையவில்லை.

சங்கரலிங்கம் சிரித்தார். "பெருங்காயம்! ஏட்டி, பாத்தியா உன் பல்லியோட லட்சணத்த? பெருங்காயம்னா செடியில வடியுத பாலு. பிசின். அதுல கோதுமை எங்கிருந்து வரும்?"

"தூய பெருங்காயம் பிசின்" என்றது சுவைஞன். "இது கூட்டுப் பெருங்காயம்."

கோமதி எழுந்து போய் டப்பாவை எடுத்தாள். முன்பக்கம் தாமரைப் படம் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினாள். அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், நல்ல தமிழில் ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"கோதுமை மாவு, அரபிப் பிசின், பெருங்காயம்."

எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சங்கரலிங்கம் எழுதவில்லை என்றாலும் அவருக்கு மனப்பாடம். டப்பாவை வாங்கி அவரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மனிதன் ஒரு கிரகத்தைத் தாண்டி வந்து, குடலுக்குள் கண்ணும் சுவரில் கையும் வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவை மட்டும் திருப்பிப் பார்க்காமலே இருந்திருக்கிறான்.

"அப்போ நம்ம அடுக்களைக் கருவி ஏம்ப்பா இத ஒரு நாளும் காட்டல?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "தொண்ணூத்தாறு" என்றார்.

"என்னது?"

"விதி தொண்ணூத்தாறு. சிட்டிகை அளவுல போடுதத அது பாக்காது. பாக்க வேண்டாம்னு நாந்தான் எழுதினேன்." கேடயம் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை. "ஒரு சிட்டிகையில என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன்."

கோமதி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள். "சோத்துல ஒரு சிட்டிகைன்னா இவ்வளவு ஆயிருக்காதுப்பா. எனக்கு அப்ப நாளைக்கு நாலு தடவை வயித்து வலி வருமே. வயித்து வலின்னு சொன்னா அம்மா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. வயித்து வலி என்ற சொல் காதில் விழுந்ததும் சுவரிலிருந்த கரம் விழித்துக்கொண்டது. கிண்ணத்திலிருந்து தயிரை எடுத்தது. தண்ணீர் விட்டுக் கடைந்தது. உப்புப் போட்டது. சங்கரலிங்கத்தின் கையிலிருந்த மஞ்சள் டப்பாவை மெல்ல, ஆனால் உறுதியாக, வாங்கிக்கொண்டது. ஒரு சிட்டிகை எடுத்தது. பிறகு இன்னொன்று. சற்றுத் தயங்கி, பிள்ளை பாவம் என்பதுபோல மூன்றாவதும்.

"நிறுத்து" என்றார் சங்கரலிங்கம். "போதும், நிறுத்து."

கரம் நிற்கவில்லை. உயிரோடிருந்த காலத்திலும் இந்த ஒரு வேலையில் காந்திமதி அவர் பேச்சைக் கேட்டதில்லை.

வயிறு வலிக்கும்போதெல்லாம் பெருங்காய மோர். மோரைக் குடித்தால் வயிறு வலி. வலித்தால் மறுபடி மோர். ஒன்பது வருடம். அந்தப் பெண்மணி கோதுமையைத் தன் கையாலேயே தேடித் துரத்திவிட்டு, மருந்து என்று அதே கையால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கரம் தம்ளரைக் கோமதியின் முன் வைத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டியது. குடி என்று அர்த்தம். பிறகு நீண்டு வந்து, எட்டு வயதுப் பிள்ளை நின்றால் வயிறு எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், காற்றில் வட்டமாகத் தடவிக்கொடுக்கத் தொடங்கியது.

கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதனருகே உட்கார்ந்தாள். கரம் அவள் வயிற்றைத் தொட்டது. வட்டம் வட்டமாகத் தடவியது.

"தொடுகைக்குத் தடையில்லை" என்றது சுவைஞன். அதை யாரும் கேட்கவில்லை.

அவள் அழுதாள். முப்பத்து நான்கு வயதில், சுரங்கம் அளக்கிற பெண், வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். "நான் அவகிட்ட என்ன சொன்னேன் தெரியும்லாப்பா? அவ ஒரு வார்த்தை பதில் சொல்லல."

"அவளுக்குப் பதில் தெரியல தாயி." சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ போன பொறவு எங்கிட்டக் கேட்டா. எனக்கே தெரியாம, தூக்கத்துல கீக்கத்துல எந்திரிச்சு நானே எதையும் போட்டுருதேனான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கருவி பச்சை காட்டுது, போய் வேலையப் பாருன்னேன்."

கோமதி தம்ளரைக் கையில் எடுத்தாள்.

"பருகினால் குடல் சிவக்கும்" என்றது சுவைஞன். "சிவந்த குடலுக்குக் கலத்தில் இடம் இல்லை. அடுத்த கலம் பதினான்கு வருடம் கழித்து."

"தெரியும்" என்றாள் கோமதி. "போனா போவுது. அவ கலக்கித் தந்த மோரு. பதினேழு வருசமா வேண்டாம்னுட்டேன். ஒரு மடக்குப்பா. ஒண்ணும் ஆகாது."

தம்ளர் அவள் உதட்டுக்கு இன்னும் எட்டவில்லை. சங்கரலிங்கத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ஒரு மடக்கு, பத்து நாள் வயிற்று வலி, பிறகு மகள் அவருடையவள். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். அவருக்குக் கொள்ளி வைக்க ஆள் இருக்கும். அவர் தடுக்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஒரு தாயின் கைமோரை மகள் குடிப்பதைத் தடுக்க இருநூற்றுப் பதினான்கு விதிகளிலும் இடமில்லை.

அவர் எழுந்து தம்ளரைப் பிடுங்கினார். மோரைத் தரையில் கொட்டினார். அரைத் தம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றுவது செவ்வாயில் பைத்தியம் செய்கிற காரியம். அது ஓடி, மேசைக்காலைச் சுற்றி, உறிஞ்சுதுளையில் போய் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரி" என்றார். "இந்த வீட்டுல எதையும் தொடாத."

"அப்போ சோறு? அது பச்சைதான?"

"அந்தக் கையில அப்பியிருக்கும். கரண்டியில இருக்கும். காத்துல இருக்கும். வேண்டாம்."

சுவைஞனும் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றது. இதற்குள் கரம் ரசக்கரண்டியாலேயே சோற்றைக் கிளறிவிட்டிருந்தது.

நாலரை மணிவரை அவர்கள் அடுக்களைக்கு வெளியே நடையில் உட்கார்ந்து பேசினார்கள். கோமதி தான் கொண்டுவந்த குப்பியிலிருந்து தண்ணீர் குடித்தாள். சங்கரலிங்கமும் சாப்பிடவில்லை. காந்திமதி கடைசி வருடங்களில் பல் போன பிறகும் முறுக்குக் கேட்டதை, மகள் விடுதியின் சாளரம் தெரிகிற அடுக்குக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லி வெறுங்கையோடு திரும்பி வந்ததை, எல்லாம் சொன்னார். கோமதி கேட்டுக்கொண்டாள். சிலவற்றை இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள். "பசிக்குதுப்பா."

"பசிக்கட்டும். கலத்துல போய்ச் சாப்பிடு."

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பிறகு போனாள். அடுக்குப்பாதையின் வளைவு திரும்பும்வரை தெரிந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல், நேராக நடந்து போனாள்.

ஆவுடையப்பன் எங்கோ மறைந்து நின்றிருக்க வேண்டும், உடனே வந்துவிட்டார். "மக சாப்பிட்டாளா வே?"

"இல்ல."

"என்ன வே சொல்லுதீரு? இருவத்திரண்டு வருசத்துக்குப் போறா. பெத்த மகளப் பட்டினியாவா அனுப்பினீரு?"

சங்கரலிங்கம் முழுவதையும் சொன்னார். டப்பாவைக் காட்டினார். பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். ஆவுடையப்பன் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கதையைக் கேட்டுக் கண்கலங்கினார். காந்திமதியை நினைத்து மூக்கைச் சிந்தினார். எல்லாம் முடிந்த பிறகு, ஆறுதலாக அவர் தோளைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இருந்தாலும் வே, ஒரு சிட்டிகைதான? அந்தச் சோத்துல ரெண்டு வாயாவது குடுத்து அனுப்பியிருக்கலாம். புள்ள மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

"அவளுக்கு இன்னைக்கு வயித்து வலி வரல வே" என்றார் சங்கரலிங்கம். "இந்த வீட்டுக்கு வந்துட்டு வலியில்லாம போனது இன்னைக்குத்தான்."

ஆவுடையப்பனுக்கு அது பிடிபடவில்லை. துக்கத்தில் மனிதர் ஏதோ பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு நெடுங்கலம் கிளம்பிய அதிர்வு குமிழின் கண்ணாடியில் கேட்டது. அதற்குள் குமிழ் முழுவதும் செய்தி பரவியிருந்தது. விருந்தோம்பல் துறை இணை இயக்குநர், பெற்ற பெண்ணை ஒரு பிடி சோறு போடாமல் அனுப்பிவிட்டார். தள்ளாத வயசு, மூளை குழம்பிவிட்டது. பாவம், அவரும் சாப்பிடவில்லையாம்.

ஏழு மணிக்கு ஆவுடையப்பன் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் ரசஞ்சோறு வந்தது. கிழவர் வயிறு காய்ந்து கிடக்குமே என்று பெருங்காயம் தூக்கலாகப் போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் காந்திமதி மணத்தாள்.

சங்கரலிங்கம் அதை முன்னால் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. கடைசியில் சாப்பிட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.